லிப்டன் என்னும் வணிகர்

ஹப்புத்தளை நகரிலிருந்து தம்பேதன்னைத் தோட்டத்துக்குச் செல்லும் வீதியை ஊவாவில் அறியாதார் இலர். ஒருபுறம் மலைச்சரிவு, மறுபுறம் தாழ்ந்து தாழ்ந்து தென்சமவெளி வரைக்கும் இறங்கும் பள்ளத்தாக்கு, நடுவே தேயிலை. தோட்டத்தைக் கடந்து இன்னும் ஏறினால், 1,900 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில், லிப்டன் இருக்கை என வழங்கும் உச்சி வரும். பழைய தோட்ட முதலாளி தம் நிலத்தைப் பார்த்து மகிழ்ந்த இடம் அஃதென்பர். இப்பொழுது அங்கே கையில் தேநீர்க் கோப்பையோடு அமர்ந்திருக்கும் அவருடைய உருவச்சிலையும் உண்டு. வருவோர் அச்சிலையின் அருகே அமர்ந்து படம் எடுத்துக்கொள்கின்றனர்.

சில காலத்துக்கு முன் உயர்தர வகுப்பு மாணாக்கர் சிலருடன் அங்கே சென்றிருந்தேன். அவர்களுள் பொருளியல் பாடம் பயிலும் மாணவி ஒருத்தி. அவளுடைய பாட்டியும் தாயும் அம்மலையிலேயே கொழுந்து எடுத்தவர்கள். அவள் சிலையைச் சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, இவர் தேயிலை பயிரிட்டவரா, விற்றவரா என்று என்னைக் கேட்டாள். தொல்காப்பியத்திலும் திருக்குறளிலும் எதையேனும் கேட்டிருந்தால் உடனே விடை சொல்லியிருப்பேன். இதற்கு விடை தெரியவில்லை. விற்றவர் என்றே நினைக்கிறேன், தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லிவைத்தேன். தேடியதில் அகப்பட்டனவே இக்கட்டுரையில் வருவன.

லிப்டன் தம் வரலாற்றைத் தாமே சொல்லிய நூல் ஒன்று உளது. அவர் மறைந்த 1931-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் ஆங்கிலப் பெயர் லீவ்ஸ் ஃப்ரொம் த லிப்டன் லொக்ஸ். லொக் என்பது மாலுமிகள் எழுதும் கப்பற்குறிப்பேடு. லீவ்ஸ் என்னும் சொல்லோ சிலேடை. நூலின் பக்கத்துக்கும் பெயர், மரத்தின் இலைக்கும் பெயர். ஓலையில் எழுதிய நமக்கு இச்சிலேடை புதிதன்று. ஏடு என்னும் நம் சொல்லும் அவ்வாறே இரண்டையும் சுட்டும். நூலின் பெரும்பகுதி கடையும் விளம்பரமும் பாய்மரப் படகுப் பந்தயமுமாகவே செல்கின்றது. ஹப்புத்தளை அதில் ஒரு சிறு பகுதி. அவர் வாழ்விலும் அப்படித்தான்.

தோமஸ் ஜோன்ஸ்டன் லிப்டன் ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1848-ஆம் ஆண்டு மே மாதம் 10-ஆம் நாள் பிறந்தவர். தாம் பிறந்தது 1850 என்றே அவர் சொல்லிவந்தார். பெற்றோர் ஸ்கொத்லாந்தினர் அல்லர். அயர்லாந்தின் மொனகன் மாவட்டத்துக் குளோன்ஸ் என்னும் ஊரினர். 1845-ஆம் ஆண்டு தொடங்கி அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரை ஒரு நோய் அழித்தது. கிழங்கையே உணவாகக் கொண்டிருந்த ஏழைகள் பத்து இலட்சம் பேரளவில் மாண்டனர். அதனினும் மிகுதியானோர் கடல் கடந்தனர். அப்பஞ்சத்தில் ஊரை விட்டவர்களே லிப்டனின் தாய் தந்தையர். பயிர்நோயும் பஞ்சமும் இவ்வரலாற்றில் பின்னரும் வரும். வாசகர் நினைவில் வைத்துக்கொள்க.

கிளாஸ்கோ நகருக்குப் பொருளியல் நூல் வரலாற்றில் ஓர் இடம் உண்டு. நாடுகளின் செல்வம் பற்றிய நூலை 1776-இல் வெளியிட்ட அடம் சிமித் அந்நகரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். வேலையைக் கூறுகூறாகப் பிரித்துப் பலர் கையில் கொடுத்தால் பொருள் பெருகும், விலை தாழும் என்பதைக் குண்டூசித் தொழிற்சாலையைக் காட்டி அவர் விளக்கினார். வணிகர் நலமும் பொதுமக்கள் நலமும் எப்பொழுதும் ஒன்றாயிரா என்று எச்சரித்தவரும் அவரே. அதனைப் பலர் மறந்துவிடுகின்றனர். லிப்டன் அந்நூலைப் படித்தாரோ இல்லையோ, அதன் முற்பகுதிக்கு வாழ்க்கையால் உரை எழுதினார் எனலாம்.

லிப்டனின் பெற்றோர் கிளாஸ்கோவின் ஏழைகள் நெருங்கி வாழ்ந்த கோர்பல்ஸ் பகுதியில், குரௌன் வீதியில், ஒரு சிறு மளிகைக்கடை வைத்தனர். முட்டை, வெண்ணெய், உப்பிட்ட பன்றியிறைச்சி ஆகியவை விற்பனைப் பொருள்கள். அவை அயர்லாந்தில் தமக்கு அறிமுகமான உழவரிடமிருந்து நேரே கப்பலில் வந்தன. துறைமுகத்துக்குத் தள்ளுவண்டியோடு சென்று அவற்றைக் கொண்டுவருவது சிறுவன் வேலை. இடையில் தரகர் இல்லாமையால் விலை குறைவு. விலை குறைவாதலால் கூட்டம். இந்தப் பாடம் ஒன்றே அவருக்கு ஆயுள் முழுதும் போதுமானதாயிற்று. மற்றொரு பாடமும் அங்கேயே கற்றார். வாடிக்கையாளருக்குத் தந்தையார் முட்டை எடுத்துக் கொடுத்தல் ஆகாது, தாயாரே கொடுக்கவேண்டும் என்று அவர் சொன்னாராம். தாயாரின் கை சிறிது. சிறு கையில் முட்டை பெரிதாகத் தோன்றும். பிற்கால விளம்பர வித்தை அனைத்தும் இவ்வொரு முட்டைக்குள் அடங்கியிருக்கின்றது.

1865-இல், பதினேழாம் வயதளவில், அவர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அங்கே உள்நாட்டுப் போர் அப்பொழுதுதான் முடிந்து, அடிமைகள் சட்டப்படி விடுதலை பெற்றிருந்தனர். வேர்ஜீனியாவில் புகையிலைத் தோட்டத்திலும், தென் கரோலைனாவில் நெல் தோட்டத்திலும் அவர் வேலை செய்தார். நியூ ஓர்லியன்ஸ் நகரத் தெருவண்டியிலும் சில காலம் வேலை பார்த்தார். நேற்றுவரை அடிமைகள் உழைத்த நிலத்தில் கூலிக்கு உழைத்த அவ்விளைஞர், பிற்காலத்தில் தாமே தோட்ட முதலாளியானபோது அந்நாள்களை எண்ணிப் பார்த்தாரா என அறிய எனக்கு ஆவல் உண்டு. அவர் மனத்தில் ஆழப் பதிந்தது தோட்டமன்று, நியூயோர்க்கில் பல்பொருள் அங்காடி ஒன்றில் பெற்ற அனுபவம். பண்டத்தை அடுக்கும் முறையும் வருவோரை அழைக்கும் முறையும் அங்கே விற்பனையின் பாதியாயிருந்தன. சில ஆண்டுகளின் பின் 500 டொலர் சேமிப்போடும், தாய்க்கு ஒரு சாய்வாட்ட நாற்காலியோடும், ஒரு பீப்பாய் மாவோடும் அவர் ஊர் மீண்டார்.

1871-ஆம் ஆண்டு மே 10. தம் பிறந்தநாளன்றே, ஸ்டொப்குரொஸ் வீதியில், 101-ஆம் இலக்கக் கடையை லிப்டன் திறந்தார். கடன் கொடுப்பதில்லை, ரொக்கத்துக்கே விற்பனை. உழவரிடம் நேர்க்கொள்முதல். கடை எந்நேரமும் ஒளியோடும் துப்புரவோடும் இருக்கவேண்டும். இவ்வளவே அவருடைய வணிக சாத்திரம், எஞ்சியது விளம்பரம்.

அவ்விளம்பரங்களை இக்காலத்தவரும் வியப்பர். கொழுத்த பன்றிகளை அலங்கரித்து, லிப்டனிடம் போகின்றோம் என்னும் கருத்துடைய பதாகைகளோடு நகர வீதிகளில் நடத்திச் சென்றார். கடை வாயிலில் இருவகைக் கண்ணாடிகளை மாட்டினார். ஒன்றில் உள்ளே போகிறவன் எலும்புந் தோலுமாகத் தெரிவான், மற்றதில் வெளியே வருகிறவன் கொழுகொழுவென்று தெரிவான். வங்கித் தாளை ஒத்த தாள்களை அச்சிட்டு வழங்கி, அவற்றை மெய்ப்பணமென்று சிலர் மயங்க, வழக்குமன்றம் வரைக்கும் விவகாரம் சென்றது. 1881-ஆம் ஆண்டு நத்தார்க் காலத்தில் அமெரிக்காவிலிருந்து ஒரு பூதப் பெரும் பாற்கட்டியை வருவித்து, அதனுள்ளே பொற்காசுகளை மறைத்து வைத்து அறுத்து விற்றார். கூட்டத்தை அடக்கக் காவலர் வேண்டியதாயிற்று. இவற்றில் எதிலும் பொய் இல்லை என்றும் சொல்லமுடியாது. பொய் என்றும் துணியமுடியாது. 1880-களின் இறுதியில் பிரித்தானியா எங்கும் அவருக்கு ஏறத்தாழ 300 கடைகள் இருந்தன.

தேயிலை அவர் கைக்கு வந்தது அதன் பின்னரே. அந்நாளில் இங்கிலாந்தில் நல்ல தேயிலை இறாத்தல் 3 சிலிங் அளவில் விற்றது. விலை உயர்ந்ததற்குக் காரணம் அது கைமாறிய வழி. தோட்டத்துக்காரர் முகவர் இல்லத்துக்கும், அவர் இலண்டன் மின்சிங் லேன் ஏலத்துக்கும், ஏலத்தில் எடுத்த தரகர் கலப்பு வணிகருக்கும், அவர் சில்லறைக் கடைக்கும் என ஒவ்வொரு கையிலும் ஓர் இலாபம் ஒட்டிக்கொண்டது. லிப்டனுடைய கண்ணுக்கு இது தந்தையார் கடையின் பழைய கணக்காகவே தோன்றிற்று. 1889-இல் பாண்டு வாத்திய ஊர்வலத்தோடு தேயிலைப் பெட்டிகளைக் கிளாஸ்கோ வீதிகளில் கொண்டுவந்து, இறாத்தலை 1 சிலிங் 7 பென்சுக்கு விற்றார். முன்பு கடைக்காரர் பெட்டியிலிருந்து அள்ளித் தாளில் மடித்துக் கொடுப்பர். எடையிலும் தரத்திலும் ஐயம் இருக்கும். லிப்டன் ஒரு இறாத்தல், அரை, கால் என நிறுத்து அடைத்த பொதிகளில் தம் பெயர் பொறித்து விற்றார். ஒவ்வொரு நகரத்துத் தண்ணீருக்கும் ஏற்றவாறு கலவையையும் மாற்றினார். நெசவாலைத் தொழிலாளி வீட்டிலும் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி வீட்டிலும் தேநீர் அன்றாடப் பானமானதில் அவருக்கும் பங்குண்டு. இதனை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

அதே 1889-இல் தாயாரும், அடுத்துத் தந்தையாரும் இறந்தனர். மணமாகாத லிப்டன் தனியரானார். 1890-இல், ஓய்வுக்காக அவுஸ்திரேலியா போவதாகச் சொல்லிக் கப்பலேறியவர் கொழும்பில் இறங்கிவிட்டார்.

அக்காலத்து ஊவாவின் நிலை என்ன? 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் கண்டிப் பக்கத்து லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். முதலாளித்துவத்தை ஆராயும் மார்க்சின் மூலதனம் என்னும் நூலின் முதற்பாகம் ஜேர்மனியில் வெளிவந்ததும் அவ்வாண்டே. ஆயினும் மலைநாடு அன்று கோப்பி நாடு. 1869-இல் பதுளைக்குக் கிழக்கே மடுல்சீமைத் தோட்டமொன்றிலே கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் தூள் படியும் நோய் முதன்முதலில் காணப்பட்டது. பதினைந்து ஆண்டுகளில் அந்நோய் இலங்கைக் கோப்பியை வேரோடு சாய்த்தது. கடன் கொடுத்த ஒரியன்டல் வங்கி 1884-இல் முறிந்தது. தோட்டங்கள் வாங்குவாரின்றிக் கிடந்தன. தேயிலைக்கு மாறுவதற்கு முதல் உள்ளவர்கள் சிலரே. அயர்லாந்தில் ஒரு பயிர்நோய் லிப்டனின் பெற்றோரைத் துரத்தியது. ஊவாவில் வேறொரு பயிர்நோய் அவர்கள் மகனுக்கு நிலத்தை மலிவாக்கிக் கொடுத்தது.

தம்பேதன்னை, லேமஸ்தோட்டை, மொனராகந்தை ஆகிய தோட்டங்களையும் வேறு சிலவற்றையும் அவர் வாங்கினார். புகைவண்டி அன்று நானுஓயாவோடு நின்றது. ஹப்புத்தளைக்கு 1893-இலும், பண்டாரவளைக்கு 1894-இலும், பதுளைக்கு 1924-இலுமே வந்தது. தம்பேதன்னைத் தேயிலைத் தொழிற்சாலை 1890-இல் எழுந்தது. உயரத்திலுள்ள மலைகளிலிருந்து கொழுந்து மூட்டைகளைக் கம்பிக் கயிற்று வழியாகக் கீழே இறக்கும் ஏற்பாடும் செய்யப்பட்டது. தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் குடுவைக்கு என்னும் கருத்தை உலகெங்கும் அவருடைய பொதிகள் சுமந்து சென்றன. அவருடைய விளம்பரங்களிலே கூடையோடு கொழுந்தெடுக்கும் தமிழ்ப் பெண்ணின் படமும் இடம்பெற்றது. ஆங்கில நாட்டு விளம்பரங்களில் ஆசிய, ஆபிரிக்க மக்கள் எவ்வாறு காட்டப்பட்டனர் என்று ஆனந்தி ராமமூர்த்தி 2003-இல் எழுதிய ஆராய்ச்சி நூல் இத்தகைய தேயிலை விளம்பரங்களையும் ஆராய்கின்றது. இங்கே ஓர் உண்மையையும் சொல்லவேண்டும். லிப்டன் விற்ற தேயிலை அனைத்தும் அவர் தோட்டத்தில் விளைந்ததன்று. அவர் கடைகளின் தேவைக்கு அத்தோட்டங்கள் எம்மட்டும்? பெரும்பகுதியைப் பிறரைப் போலச் சந்தையிலேயே வாங்கினார். தோட்டம் விளைச்சலுக்காக இருந்ததைவிட விளம்பரத்துக்காகவே மிகுதியும் பயன்பட்டது என்று கூறுவதும் தகும்.

இனி, என் மாணவியின் கேள்விக்கு நெருங்கி வருகின்றோம்.

லிப்டனின் பெருமையெல்லாம் இடைத்தரகரை நீக்கியதில் இருக்கின்றது. கப்பலிலிருந்து கடைவரை இருந்த தரகர் ஒவ்வொருவரையும் அவர் கழித்தார். ஆனால் இலங்கைத் தோட்டங்களில் வேறொரு தரகர் இருந்தார். அவரே கங்காணி. தோட்டத்துக்கும் தொழிலாளிக்கும் நடுவே அவர் நின்றார். துரை அவரிடம் முற்பணம் கொடுப்பார். அவர் திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரைப் பக்கத்துக் கிராமங்களுக்குச் சென்று, வறட்சியாலும் கடனாலும் நொந்த குடும்பங்களின் கடனைத் தீர்த்து, வழிச்செலவும் செய்து அழைத்துவருவார். தாது வருடப் பஞ்சம் என்று நம் முன்னோர் நடுக்கத்தோடு சொன்ன 1876 முதல் 1878 வரையான பஞ்சத்தில் அவ்வாறு வந்தவர் பலர். மன்னாரில் இறங்கி மாத்தளைவரை காட்டுவழியே நடந்து, வழியில் வாந்திபேதிக்கு இரையானவர் போக எஞ்சியவர் மலையேறினர். வந்து சேர்ந்த அன்றே தலைமேல் ஒரு கடன் ஏறியிருக்கும். அது கங்காணியின் கணக்கில் நிற்கும். தொழிலாளி எழுதப்படிக்க அறியார்.

ஒரு குழுவினர் வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், இன்ன தொகையைக் கட்டினால் இவர்களை விடுவிப்போம் என்று துரை ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். அதற்குத் துண்டு என்று பெயர். தொகையைப் புதுத்தோட்டம் செலுத்தும், ஆள் மாறுவர், கடன் மாறாது, அவர்களோடே போகும். வேலைக்கு இறங்கிய ஒவ்வோர் ஆளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைக்கும். தொழிலாளி உழைத்த நாளுக்குப் பேர் என்று வழக்கு. நிறை குறைந்தாலோ நேரம் பிந்தினாலோ அரைப் பேர். பேர் என்பது மனிதனுக்கும் கூலிக்கும் ஒரே சொல்லாகிப் போனதை நான் அகராதியில் கண்டதில்லை. அம்மாணவியின் பாட்டியாரிடமே கேட்டறிந்தேன். பிரட்டுக்களத்தில் பேர் கொடுப்பதும், செக்ரோலில் பேர் விழுவதும், பேர் வெட்டப்படுவதும் என்ற வழக்குகளை அவர் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லச் சொல்ல, ஐம்பது வயது கடந்த பண்டிதன் தமிழ் படிக்கும் மாணவனாய் அவர் முன் இருந்தேன்.

லிப்டன் தோட்டங்கள் பிறவற்றினும் கொடியன என்பதற்கு எனக்குச் சான்றில்லை. நல்லன என்பதற்கும் இல்லை. கங்காணி முறை நாடெங்கும் இருந்தது. லிப்டன் அதனைப் படைத்தவர் அல்லர். ஆயினும் தரகரைக் கண்டவிடமெல்லாம் நீக்கிய அவ்வணிகர் இந்தத் தரகரிடம் கை வைக்கவில்லை என்பதே சிந்திக்கத்தக்கது. காரணம் தேடிச் செல்லவேண்டியதில்லை. ஏனைய தரகர்கள் தேயிலையின் விலையை ஏற்றினர். இவரோ கூலியைத் தாழ்த்தி வைத்தார். தோட்டத்தை வாங்கிய வணிகருக்கு இவர் செலவல்லர், சிக்கனம்.

கோப்பிக்கும் தேயிலைக்கும் உள்ள வேறுபாட்டையும் இவ்விடத்தில் அறிதல் வேண்டும். கோப்பிப் பழம் ஆண்டில் சில மாதமே பறிக்கப்படும். அறுவடை முடிந்ததும் தொழிலாளர் பெரும்பாலோர் ஊர் திரும்புவர். தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுதும் சில நாளுக்கொருமுறை துளிர்க்கும். ஆகையால் நிலையாய்த் தங்கும் குடும்பங்கள் வேண்டும். அவருள்ளும் பெண்களின் விரல்கள் வேண்டும். லயங்கள் நிறைந்ததும், தோட்டத்திலேயே ஒருவர் பிறந்து வளர்ந்து மடியும் வாழ்வு உருவானதும் தேயிலையால்தான். தொழிற்சாலைக்குள்ளே உருட்டும் பொறியும் உலர்த்தும் பொறியும் வந்தன. மலையிலே கூடையும் கையுமே நின்றன.

இதன் காரணத்தை விரித்துரைத்த நூல் ஒன்று நம் நாட்டிலேயே எழுந்தது. எஸ். பி. டி. டி சில்வா 1982-இல் வெளியிட்ட, வளர்ச்சிக் குறைவின் அரசியற் பொருளாதாரம் பற்றிய ஆங்கில நூலே அது. தோட்டத்துறை நவீன முதலாளித்துவத்தின் சின்னமென்று பலரும் நம்பியிருந்த காலத்தில், அதன் மேலே அமர்ந்திருந்தது வணிகரின் முதலே என்று அவர் வாதித்தார். வாங்கி விற்கும் முதலுக்கு உற்பத்தி முறையை மாற்றவேண்டிய அவசரம் இல்லை. மலிந்த உழைப்பு கிடைக்குமட்டும் பழைய முறையே அதற்கு இலாபம் தரும். அந்நூல் கடினமானது, பெரியது. என்னைப் போன்ற தமிழாசிரியன் ஒருவன் பொருளியலாசிரியர் துணையின்றி அதனுள் நுழைதல் அரிது. ஆயினும் லிப்டன் வரலாற்றைப் படித்தபின் அதனைப் படித்தபோது, ஒன்று மற்றொன்றுக்கு உரையாய் அமைந்ததைக் கண்டேன். பயிரிட்டவரா விற்றவரா என்று மலையுச்சியில் மாணவி கேட்டதும், டி சில்வா பல நூறு பக்கங்களில் ஆராய்ந்ததும் ஏறக்குறைய ஒரே வினா.

லிப்டனின் பிற்கால வாழ்வைச் சுருங்கச் சொல்லலாம். 1897-இல் விக்டோரியா அரசியின் வைர விழாவின்போது இலண்டன் ஏழைகளுக்கு விருந்தளிக்கும் நிதி போதாதிருக்க, 25,000 பவுண் கொடுத்து அதனை நிறைவேற்றினார். அடுத்த ஆண்டு சேர் பட்டம் வந்தது. அதே ஆண்டில் தம் வணிகத்தை 25 இலட்சம் பவுண் முதலுள்ள பொதுக் கம்பனியாக்கினார். பங்குகளுக்குப் பெரும் போட்டி. 1899 முதல் 1930 வரை ஐந்து முறை, ஷம்ரொக் என்ற பெயருடைய படகுகளில், அமெரிக்கக் கிண்ணத்துக்காகப் போட்டியிட்டு ஐந்து முறையும் தோற்றார். தோல்வியை முகமலர்ச்சியோடு ஏற்ற அவரை அமெரிக்கர் தம்மவர் போலவே நேசித்தனர். முடிவில் தாமே நிதி திரட்டிப் பொற்கிண்ணம் ஒன்றை அவருக்குப் பரிசளித்தனர். படகுப் பந்தயச் செய்தியோடு அவர் தேயிலையின் பெயரும் அந்நாட்டில் பரவியது. அவர் அதை எதிர்பாராமல் இருந்தார் என்று எண்ணுவதற்கில்லை. முதல் உலகப்போர்க் காலத்தில் தம் உல்லாசக் கப்பலில் மருத்துவரையும் தாதியரையும் சேர்பியாவுக்கு ஏற்றிச் சென்றார். ஆயினும் அரசகுலத்தார் அங்கம் வகித்த படகுச் சங்கம், மளிகைக் கடைக்காரர் என்ற காரணத்தால் அவரை நெடுங்காலம் சேர்க்காமல் வைத்திருந்து, இறக்கும் ஆண்டிலேதான் சேர்த்துக்கொண்டது. கூலியாயும் கடைக்காரராயும் இருந்து உயர்ந்தவருக்கும் தம் நாட்டில் ஒரு பிரட்டுக்களம் இருந்திருக்கின்றது.

கம்பனி அவர் முதுமையில் தளர்ந்தது. 1914-இல் இராணுவச் சிற்றுண்டிச்சாலை ஒப்பந்தங்களுக்காகக் கையூட்டுக் கொடுத்த வழக்கில் கம்பனி ஊழியர் தண்டனை பெற்றனர். 1920-களின் இறுதியில் உரிமையும் அவர் கையை விட்டுப் போயிற்று. 1931 ஒக்டோபர் 2-ஆம் நாள் இலண்டனுக்கு வடக்கே ஒசிட்ஜ் என்னும் தம் இல்லத்தில் அவர் காலமானார். மனைவி மக்கள் இல்லை. செல்வத்தின் பெரும்பகுதி கிளாஸ்கோ நகரத்து ஏழைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் என விருப்பாவணம் எழுதியிருந்தார். உடலும் அங்கேயே, பெற்றோர் அருகில் அடக்கமாயிற்று. வாங்கிய கடனைப் பிறந்த மண்ணுக்குத் திருப்பிய மகன் என்று அவ்வூரார் போற்றுவது முறையே. அச்செல்வம் உண்டான இடங்களின் பட்டியலில் ஹப்புத்தளையும் ஒன்று என்பதை நாம் சேர்த்துக்கொள்ளலாம்.

அவர் உயிரோடிருந்த காலத்திலேயே ஊவாவின் கணக்குகள் சிறிது மாறத் தொடங்கியிருந்தன. துண்டு முறை 1921-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது. 1927-ஆம் ஆண்டுக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின்படி மலையுச்சித் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறாருக்கு 32 சதம் என நாட்கூலி வகுக்கப்பட்டது. விரைவாய்க் கொழுந்தெடுக்கும் கைக்கு ஏன் 11 சதம் குறைவு என்று அந்நாளில் கேட்டவர் சிலரே. லிப்டன் மறைந்த அதே 1931-ஆம் ஆண்டில், அட்டனில், கோதண்டராம நடேசையர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். அவர் தஞ்சையிலிருந்து வந்தவர். இளமையில் வணிகப் பாடம் கற்பித்து, கணக்குப் பதிவு பற்றித் தமிழில் நூல் எழுதியவர். வரவு செலவு கற்பித்த ஆசிரியர் தோட்டத்துக் கணக்கைப் பிரித்துப் பார்க்க வந்தது வியப்பன்று. அவர் வாழ்வு தனிக் கட்டுரைக்கு உரியது.

1948-இல் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின் பதுளையிலிருந்தும் பண்டாரவளையிலிருந்தும் புகைவண்டி ஏறிப் பிரிந்த குடும்பங்களின் அழுகையை நினைவில் வைத்திருப்போர் இன்னும் உளர். 1975-இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992-இல் நிர்வாகம் மறுபடியும் கம்பனிகளிடம் சென்றது. தம்பேதன்னைத் தொழிற்சாலை இன்றும் தேயிலை அரைக்கின்றது. சுற்றுலா வந்தோர் உள்ளே சென்று பார்க்கின்றனர்.

தேடியவற்றை மாணவியிடம் கொடுத்தேன். அவள் அத்தோடு விடவில்லை. லிப்டன் தம் நூலில் இலங்கையைப் பற்றி எழுதிய பகுதியைத் தமிழாக்கத் தொடங்கியிருக்கிறாள். எங்கள் இலக்கிய மன்றத்தின் அடுத்த கூட்டத்தில் படிக்கவிருக்கிறாள். ஆங்கிலத்தில் அவளே எனக்கு ஆசிரியை. தமிழ் நடையில் நான் சிற்சில இடங்களைத் திருத்தினேன். நூற்பெயரில் மட்டும் எங்களுக்குள் வழக்கு. லிப்டன் குறிப்பேட்டின் ஏடுகள் என்று நான் எழுதிக் கொடுத்திருந்தேன். சிலேடையைக் காத்த பெருமிதமும் எனக்கு இருந்தது. அவள் ஏடுகள் என்பதை அடித்துவிட்டுக் கொழுந்து என்று எழுதி வந்தாள். கொழுந்து என்பதற்குப் பக்கம் என்னும் பொருள் எந்த நிகண்டிலும் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். மன்ற அழைப்பிதழ் அச்சுக்குப் போய்விட்டது. அதில் கொழுந்து என்றே இருக்கின்றது.